பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது; பயிற்சி நடந்ததா?

கேள்வி: சுமார் 180 பேர் பணிபுரியும் நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஆண்டுக்கொரு முறை எல்லோரையும் ஓர் அரங்கில் உட்காரவைத்து, பணியிடப் பாகுபாடு பற்றி வெளியிலிருந்து ஒருவரை அழைத்து இரண்டு மணி நேரம் பேசவைத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். ஆனால் கடந்த ஆண்டு மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பிய பொறியாளர் ஒருவருக்கு, அவர் முன்பு தலைமை ஏற்றிருந்த பணி திரும்பக் கிடைக்கவில்லை. ‘கைக்குழந்தையோடு சிரமப்படுவாரே என்றுதான்’ என்றார் அவருடைய மேலாளர். அந்தப் பொறியாளர் வேலையை விட்டே போய்விட்டார். திக்கிப் பேசும் இளைஞர் ஒருவரைக் கூட்டங்களில் சிலர் அவரைப் போலவே பேசிக் காட்டிக் கேலி செய்கிறார்கள். அவர் தன் மேலாளரிடம் சொன்னபோது, ‘விளையாட்டுக்குச் சொன்னதைப் பெரிதுபடுத்தாதீர்கள்’ என்று பதில் கிடைத்திருக்கிறது. எங்கள் நிர்வாக இயக்குநரோ, ‘பயிற்சிதான் கொடுத்துவிட்டோமே, யாராவது கேட்டால் பதிவேட்டைக் காட்டலாம்’ என்கிறார். நாங்கள் கொடுப்பது போதுமா? ஊழியர்களுக்கும் மேலாளர்களுக்கும் ஒரே பயிற்சி கொடுக்கலாமா? பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் மூன்று கேள்விகளுக்குப் போகும் முன், நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திக்கிப் பேசும் அந்த இளைஞரின் விஷயம் இன்னும் முடியவில்லை. அவர் எழுத்தில் தரவில்லை, மனிதவளப் பிரிவுக்கு வரவில்லை என்பதையெல்லாம் காரணமாகச் சொல்ல முடியாது; மேலாளரின் காதுக்கு எட்டியதை நிறுவனத்துக்குத் தெரிந்ததாகவே சட்டம் பொதுவாகக் கொள்ளும், ஊழியரும் அப்படித்தான் கொள்வார். ஆகவே அடுத்த பயிற்சி வரை காத்திருக்காமல் இந்த வாரமே அவரைத் தனியாகச் சந்தித்து, என்ன நடந்தது, யார் முன்னிலையில் நடந்தது, அவர் எதிர்பார்ப்பது என்ன என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவருடைய கதையையோ, விலகிய பொறியாளரின் கதையையோ பெயரை மாற்றிப் பயிற்சியில் எடுத்துக்காட்டாக வைக்கவும் வேண்டாம். 180 பேர் உள்ள இடத்தில் பெயரை மாற்றினாலும் ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர் இரண்டாம் முறையும் அவமானப்படுவார்.

இனி, நிர்வாக இயக்குநர் நம்பியிருக்கும் அந்தப் பதிவேடு. ஓர் அரங்கில் இத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று; பாகுபாட்டைத் தடுக்க நிறுவனம் முயன்றது என்பதற்கு அது மட்டும் போதாது. பிரிட்டனில் 2021இல் வந்த ஒரு தீர்ப்பு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அந்நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி, ஓர் ஊழியர் பணியின்போது இன்னொருவரைப் பாகுபாட்டுக்கு உள்ளாக்கினால் அதற்கு நிறுவனமும் பொறுப்பாகும். அதைத் தடுக்க நியாயமாக எடுக்கக்கூடிய எல்லா நடவடிக்கைகளையும் எடுத்திருந்ததாக நிறுவினால் மட்டுமே அது அந்தப் பொறுப்பிலிருந்து விடுபடலாம். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஓர் ஊழியரை உடன் பணிபுரிந்தவர் இனத்தைச் சுட்டிச் சீண்டிவந்த அந்த வழக்கில், தன்னிடம் கொள்கை ஆவணங்கள் இருந்ததையும், சீண்டியவருக்கே பயிற்சி கொடுக்கப்பட்டிருந்ததையும் நிறுவனம் எடுத்துக்காட்டியது. ஆனால் அந்தப் பயிற்சி நடந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சீண்டியவர் தன் பேச்சை வேடிக்கை என்றே நினைத்திருந்தார். விஷயம் தெரிந்த மேலாளர்களும் அதை மேலே கொண்டுபோகவில்லை. அந்தப் பயிற்சி பழசாகி வீரியம் இழந்துவிட்டது, நிறுவனம் அதைப் புதுப்பித்திருக்க வேண்டும் என்று கீழ்த் தீர்ப்பாயம் கண்டதை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் உறுதிசெய்தது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும் என்பது உண்மைதான். என்றாலும் உங்கள் மேலாளர் சொன்ன ‘விளையாட்டுக்கு’ என்ற பதிலை இந்த வழக்கின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி உங்கள் இயக்குநரிடம் சொல்லுங்கள்.

அப்படியானால் பயிற்சியை இன்னும் அடிக்கடி நடத்தினால் போதுமா என்றால், அதுவும் போதாது. அலெக்சாண்ட்ரா கலேவ், ஃபிராங்க் டாபின், எரின் கெல்லி ஆகிய சமூகவியலாளர்கள் அமெரிக்காவின் 708 தனியார் பணியிடங்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மனத்தின் சாய்வைத் திருத்த முயலும் பயிற்சிகளால் மேலாண்மைப் பதவிகளில் பெண்கள், கறுப்பினத்தவர் ஆகியோரின் பங்கு உயர்ந்தது மிகக் குறைவே. குறிப்பிட்ட ஒருவரிடமோ ஒரு குழுவிடமோ பொறுப்பைக் கொடுத்து, கணக்கும் கேட்ட இடங்களில்தான் மாற்றம் அதிகம். அப்படிப் பொறுப்பு நிலைநாட்டப்பட்ட இடங்களில் பயிற்சியும் கூடுதலாகப் பலன் தந்தது. பெரிய பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் சுமார் 3,000 பேருக்கு ஒரு மணி நேர இணையப் பயிற்சி கொடுத்துச் சோதித்து 2019இல் வெளியான ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது: சிலருடைய எண்ணங்களில் மாற்றம் தெரிந்தது, நடத்தையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. நல்லவர்களாக இருக்கும்படி மக்களிடம் சொல்வதற்கு நிறுவனங்கள் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது, அவர்கள் எடுக்கும் முடிவுகளைத் திறந்து பார்ப்பதற்குச் செலவழித்திருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஊழியர்களுக்கும் மேலாளர்களுக்கும் ஒரே பயிற்சி வேண்டாம். ஊழியரின் கையில் இருப்பது தன் நடத்தையும் தன் சாட்சியமும். மேலாளரின் கையில் அவற்றோடு பிறருடைய பணி ஒதுக்கீடு, விடுப்பு, மதிப்பீடு, பதவி உயர்வு, ஏன், வேலையே கூட இருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் தடுப்புத் திட்டங்களைப் பற்றி அமெரிக்காவின் 800க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் தரவுகளைக் கொண்டு டாபினும் கலேவும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்பவராக மேலாளரைக் கருதி, எப்போது எப்படித் தலையிடுவது என்று கற்றுக்கொடுத்த பயிற்சிகளுக்குப் பிறகு பெண் மேலாளர்களின் எண்ணிக்கை கூடியது. ஊழியர்களைக் குற்றம் செய்யக்கூடியவர்களாகப் பார்த்து, ‘இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே’ என்று தடைகளை மட்டும் அடுக்கிய பயிற்சிகள் சில இடங்களில் எதிர்விளைவையே தந்தன. அரங்கில் கைகளைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் முகங்களை நினைத்துப் பார்த்தால் இந்த முடிவு உங்களுக்கு வியப்பளிக்காது.

ஊழியர்களுக்கான பயிற்சியைச் சுருக்கமாகவே வையுங்கள். எது பாகுபாடு என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1958ஆம் ஆண்டின் 111ஆவது உடன்படிக்கை இனம், நிறம், பால், சமயம், அரசியல் கருத்து, தேசிய வம்சாவளி, சமூகப் பிறப்பு என்று 7 அடிப்படைகளைக் குறிப்பிடுகிறது. வயது, மாற்றுத்திறன், பாலின அடையாளம், பாலின நாட்டம் ஆகியவற்றைப் பிற்காலச் சட்டங்கள் பல நாடுகளில் சேர்த்துக்கொண்டன. சாதியின் பெயரையே சொல்லி அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023இல் தன் சட்டத்தைத் திருத்தியது. பட்டியலை மனப்பாடம் செய்யவைக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், அருகில் இருப்பவர் என்ன செய்யலாம் என்பது. கூட்டத்தில் ஒருவர் திக்கிப் பேசிக் காட்டும்போது மற்ற எட்டுப் பேரும் சிரிப்பதா, தரையைப் பார்ப்பதா என்று தெரியாமல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘அவர் சொல்லி முடிக்கட்டும்’ என்று ஒருவர் சாதாரணக் குரலில் சொன்னால் அந்தக் கேலி அங்கேயே நின்றுவிடும். அந்த வாக்கியத்தை வாயால் சொல்லிப் பழகவைப்பதுதான் பயிற்சி. கேட்பதற்கு எளிது, முதல் தடவை வாயில் வராது. உடனே சொல்ல முடியாதவர் கூட்டம் முடிந்தபின் பாதிக்கப்பட்டவரிடம் போய், ‘நானும் பார்த்தேன், வேண்டுமானால் சாட்சி சொல்கிறேன்’ என்று சொல்லலாம். அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தின் பணிக்குழு 2016இல் அளித்த அறிக்கையும், முந்தைய 30 ஆண்டுகளில் நடந்த பயிற்சிகள் பெரும்பாலும் வழக்கிலிருந்து தப்புவதையே குறியாகக் கொண்டிருந்தன என்று குறைகூறி, இப்படி அருகிலிருப்பவர் தலையிடும் முறையைப் பரிசீலிக்கச் சொன்னது. இவற்றோடு, புகாரை யாரிடம் கொண்டுபோவது என்பதையும், தன் மேலாளரே புகாருக்கு உரியவராக இருந்தால் வேறு யாரிடம் போகலாம் என்பதையும் சொல்லிவிட்டால் ஊழியர்களுக்கான பகுதி முடிந்தது.

மேலாளர்களுக்கான பயிற்சியில்தான் நேரத்தையும் பணத்தையும் கொட்ட வேண்டும். பத்துப் பேருக்கு மேல் ஓர் அறையில் வேண்டாம். விரிவுரையும் வேண்டாம். ஒவ்வொருவரும் கடந்த ஆறு மாதங்களில் தன் குழுவில் யாருக்கு எந்தப் பணியைக் கொடுத்தார் என்ற பட்டியலோடு வரட்டும். வாடிக்கையாளர் முன் நிற்கும் பணி யாருக்குப் போனது, கூட்டக் குறிப்பு எழுதுவது, புதியவர்களுக்குக் கணினி வாங்கித் தருவது போன்ற பெயர் வாங்கித் தராத வேலைகள் யார் தலையில் விழுந்தன என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தை அவர் தன் கையால் எழுத வேண்டும். விலகிய பொறியாளரின் மேலாளர் இப்படி உட்கார்ந்திருந்தால், ‘கைக்குழந்தையோடு சிரமப்படுவார்’ என்று எழுதியிருப்பார். அப்போது பயிற்சியாளர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: அண்மையில் தந்தையான ஆண் ஊழியருக்கும் இதே காரணத்தை எழுதினீர்களா? அந்தப் பெண்ணிடமே கேட்டீர்களா? இரண்டுக்கும் பதில் இல்லாதபோது மேலாளருக்கு ஏற்படும் அந்தச் சங்கடம், எத்தனை மணி நேர விரிவுரையாலும் வராது. பாகுபாடு என்றால் வெறுப்பு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தன் மனத்தில் வெறுப்பு இல்லை என்பதால் தான் பாகுபாடு காட்டவில்லை என்றும் முடிவுகட்டிவிடுகிறார்கள். உங்கள் மேலாளர் இரக்கப்பட்டுத்தான் அந்தப் பணியை வேறொருவருக்குக் கொடுத்திருக்கக்கூடும். இழப்பு அந்தப் பெண்ணுக்கு, கடைசியில் நிறுவனத்துக்கும்.

ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்களையும் இதேபோல் மேசைக்குக் கொண்டுவாருங்கள். பெயரையும் பாலினத்தைக் காட்டும் சொற்களையும் மறைத்துவிட்டு, கருத்துரைப் பகுதியை மட்டும் ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்கட்டும். ஒரே மாதிரி எதிர்வாதம் செய்த இருவரில் ஒருவர் ‘தன் கருத்தில் உறுதியாக நிற்பவர்’ என்றும், மற்றவர் ‘குழுவோடு ஒத்துப்போவதில்லை’ என்றும் எழுதப்பட்டிருப்பது அப்போது கண்ணில் படும். யார் எவர் என்று மறைப்பை எடுத்த பிறகு நடக்கும் பேச்சை நெறிப்படுத்தத் தெரிந்த பயிற்சியாளர் வேண்டும். இல்லையென்றால் அது சண்டையாகிவிடும். ‘மனோபாவம் சரியில்லை’ என்பது போன்ற வரிகளை ஏற்பதில்லை, எந்த நாளில் எந்தப் பணியில் என்ன செய்தார் என்று எழுதினால்தான் ஏற்போம் என்று படிவத்தையே மாற்றிவிட்டால், பயிற்சி முடிந்த பிறகும் படிவம் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஆள் எடுப்பதில் சாய்வு எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று நம்பாதவர்களுக்கு, பாஸ்டன், சிகாகோ நகரங்களில் நடந்து 2004இல் வெளியான கள ஆய்வைச் சொல்லலாம். வேலை விளம்பரங்களுக்குக் கற்பனையான ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதியில் வேறுபாடில்லை, பெயர்களில்தான் வேறுபாடு. வெள்ளையினப் பெயருக்குச் சுமார் 10 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது, கறுப்பினப் பெயருக்குச் சுமார் 15 விண்ணப்பம் தேவைப்பட்டது. விண்ணப்பங்களைப் பிரித்தவர்களில் பெரும்பாலோர் தங்களை நியாயமானவர்களாகவே நினைத்திருப்பார்கள். இதற்கு மருந்து சாய்வில்லாத மனம் வேண்டும் என்று பிரார்த்திப்பதில் இல்லை. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பது, எந்தப் பதிலுக்கு எவ்வளவு மதிப்பெண் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது, நேர்காணல் செய்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முன் தனித்தனியாக மதிப்பெண் இடுவது ஆகியவற்றை நடைமுறையாக்கி, மேலாளர்களை அதில் பழக்க வேண்டும். திருமணம் எப்போது, குழந்தை உண்டா, கணவர் எங்கே வேலை செய்கிறார் என்ற கேள்விகள் அந்த வரிசையில் இடம்பெறாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

எல்லோருக்கும் ஒரே விதி என்றால் அது நியாயம் என்ற எண்ணமும் மேலாளர்களிடம் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் ஒரு மின் நிறுவனத்தின் வழக்கில் இதைத்தான் கேள்விக்கு உட்படுத்தியது. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் பொதுத் திறன் தேர்வுகளும் எல்லோருக்கும் பொதுவான நிபந்தனைகள்தான். ஆனால் அந்த வேலையைச் செய்வதற்கும் அவற்றுக்கும் தொடர்பு காட்டப்படவில்லை, கறுப்பினத்தவரோ அவற்றால் பெருமளவில் வெளியே தள்ளப்பட்டார்கள். வேலைக்குத் தேவையில்லாமல் ஒரு பிரிவினரை வெளியேற்றும் நிபந்தனை, நோக்கம் எதுவானாலும் செல்லாது என்றது நீதிமன்றம். முக்கியக் கூட்டங்களை எப்போதும் மாலை ஆறரைக்கு வைப்பது, விளக்கவுரையை வாய்மொழியாகத்தான் தர வேண்டும் என்று வற்புறுத்துவது போன்ற உங்கள் நிறுவனத்தின் வழக்கங்களை இந்தக் கண்ணோடு மேலாளர்களே அலசட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான மாற்றங்களைச் செய்துதர மறுப்பதே பாகுபாடு என்று 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை சொல்கிறது. அந்த இளைஞருக்குத் தேவைப்படுவது ஒருவேளை பேசி முடிக்க இரண்டு நிமிடம் கூடுதல் நேரமாக இருக்கலாம், அதுவும் இல்லாமல் வெறும் அமைதியாக இருக்கலாம். அவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, புகாரைக் காதுகொடுத்துக் கேட்பது. என் அனுபவத்தில் மேலாளர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆகவே இதை நடித்துப் பார்க்க வேண்டும்: ஒருவர் ஊழியராக வந்து தயங்கித் தயங்கிச் சொல்லட்டும், மற்றவர் மேலாளராகக் கேட்கட்டும். முதல் முயற்சியில் பெரும்பாலும் வருபவை மூன்று பதில்கள். ‘அவர் அப்படிப்பட்டவர் இல்லையே’ என்பது ஒன்று; விசாரிக்கும் முன்பே அது தீர்ப்பு. ‘நான் அவரிடம் சொல்லி வைக்கிறேன், விடுங்கள்’ என்பது இரண்டாவது. அது புகாரை அங்கேயே புதைத்துவிடும். மூன்றாவது, கனிவோடு சொல்லப்படும் ‘இது நம் இருவருக்குள் இருக்கட்டும்’. தெரிந்தபின் நிறுவனம் செயல்பட்டே ஆக வேண்டும் என்பதால் அந்த வாக்குறுதியை மேலாளரால் காப்பாற்ற முடியாது. காப்பாற்ற முடியாததைக் கொடுத்துவிட்டு மீறினால் ஊழியர் இனி யாரிடமும் வாய் திறக்க மாட்டார். அதற்குப் பதிலாக, ‘சொன்னதற்கு நன்றி. இதை மனிதவளப் பிரிவுக்கு நான் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. தேவையானவர்களைத் தவிர வேறு யாருக்கும் போகாது. இப்போதைக்கு உங்களுக்கு ஏதாவது உதவி தேவையா?’ என்று சொல்லப் பழக்குங்கள். கேட்டதை அன்றே, சொன்னவரின் வார்த்தைகளிலேயே எழுதிவைக்கவும் பழக்குங்கள்.

புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று கொள்கையில் ஒரு வரி இருக்கும். அது போதாது. அமெரிக்கச் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு வரும் புகார்களில் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருப்பது பழிவாங்கல்தான். அது பெரும்பாலும் பணிநீக்கமாக வருவதில்லை. மின்னஞ்சல் பட்டியலிலிருந்து பெயர் காணாமல் போவது, ஷிப்ட் மாறுவது, அதுவரை நன்றாக இருந்த மதிப்பீடு திடீரென்று ‘சராசரி’ ஆவது என்று சில்லறையாக வரும். புகார் வந்த நாளிலிருந்து ஓராண்டுக்கு அந்த ஊழியர் தொடர்பான எந்த முடிவையும் மேலாளர் தனித்து எடுக்காமல், உங்கள் பிரிவும் சேர்ந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்வது நல்லது.

யார் பயிற்சி தருவது என்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உங்கள் படிவங்களைப் பார்க்காமலே தயார் உரையோடு வருகிறவரைத் தவிருங்கள். சட்டமும் புகார் நடைமுறையும் எல்லோருக்கும் கட்டாயமாக இருக்கட்டும். மேலாளராகப் பதவி உயர்வு பெறுகிறவருக்குப் பொறுப்பேற்கும் முன்பே மேலாளர் பயிற்சி முடிந்திருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரை நாள் கூடினால் போதும், ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியில் எடுத்த உண்மையான முடிவுகளோடு கூட வேண்டும். நிர்வாக இயக்குநர் தொடக்கவுரை ஆற்றிவிட்டுப் புறப்பட்டுவிடாமல், தன்னுடைய பணி ஒதுக்கீட்டுப் பட்டியலையும் கொண்டுவந்து மற்றவர்களோடு உட்காருவாரானால், உங்கள் வேலை பாதி குறைந்துவிடும்.

பலனை அளப்பது பற்றிய கேள்விக்கு, பயிற்சி முடிந்ததும் நிரப்பும் கருத்துப் படிவங்களை நம்ப வேண்டாம் என்பது என் முதல் பதில். அவை பேச்சாளரின் சுவாரசியத்தைத்தான் அளக்கும். புகார் கொடுக்கப்பட்ட நாளுக்கும் முதல் பதில் கிடைத்த நாளுக்கும் இடையே எத்தனை நாள், மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்பியவர்களில் எத்தனை பேர் பழைய பொறுப்புக்கே திரும்பினார்கள், மதிப்பீட்டில் மேல்நிலை பெற்றவர்கள் யார் யார், விலகுகிறவர்கள் சொல்லும் காரணம் என்ன என்பவற்றை இன்றே எடுத்து வையுங்கள். ஓராண்டு கழித்து ஒப்பிட அடிப்படை வேண்டும். விலகிய பொறியாளர் சம்மதித்தால் அவரிடமும் பேசுங்கள், அவரிடமிருந்து கிடைக்கும் தகவல் வேறு எங்கும் கிடைக்காது. ஒன்றை மட்டும் இயக்குநரிடம் இப்போதே சொல்லிவைப்பது நல்லது: முதல் ஆண்டில் புகார்களின் எண்ணிக்கை உயரக்கூடும். இதுவரை பேசாமல் இருந்தவர்கள் பேசத் தொடங்கினால் அப்படித்தான் ஆகும். அதைப் பயிற்சியின் தோல்வியாகக் கணக்கெழுதி அவர் திட்டத்தை நிறுத்திவிடாமல் இருக்க, புகார்களின் எண்ணிக்கையோடு அவை எத்தனை நாளில், என்ன முடிவோடு தீர்ந்தன என்பதையும் சேர்த்தே அவர் மேசைக்கு அனுப்புங்கள்.